சித்தி வீட்டுக்கு அனுப்பவும் இரண்டு மாநிலங்களின் அனுமதி வேண்டுமா?

டாலஸ்வாசி:
வணக்கம். ஜார்ஜியாவில் வாழும் என் அக்கா, சென்ற மாதம் நேர்ந்த சாலை விபத்துக்குப் பின் இன்னும் நினைவு திரும்பாமல் மருத்துவமனையில் இருக்கிறாள். அத்தான் முன்பே காலமாகிவிட்டதால், அவர்களுடைய ஆறு வயது மகள் நீதிமன்றப் பொறுப்பில் ஒரு ஃபாஸ்டர் வீட்டில் (தற்காலிக வளர்ப்புக் குடும்பத்தில்) இருக்கிறாள். டாலஸில் அவளுக்கென ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில், பெட்டியை எடுத்து வைக்கட்டுமா சித்தி என்றுதான் பேச்சைத் தொடங்குகிறாள். ஐசிபிசி எனப்படும், குழந்தைகளை ஒரு மாநிலத்திலிருந்து வேறு மாநிலத்துக்கு அனுப்பி வைப்பதற்கான மாநிலங்களிடை ஒப்பந்தப்படி டெக்சாஸின் ஒப்புதல் வந்த பிறகே அனுப்ப முடியும் என்கிறார் கேஸ் ஒர்க்கர். சித்திக்கு விலக்கு உண்டென்று படித்தேனே, அது எனக்குப் பொருந்தாதா? கோடை விடுமுறைக்கு அழைத்து வந்து, அப்படியே இங்கே பள்ளியில் சேர்த்துவிடலாமா?

கோப்புக்கட்டு:
குழந்தை நல வழக்குகளில் சட்ட உதவியாளராக இருக்கிறேன். நீங்கள் படித்தது அந்த ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு. அதில் குழந்தையைப் பெறுபவர் யார் என்பதோடு அனுப்புபவர் யார் என்பதும் பார்க்கப்படும். உங்கள் அக்காவே அனுப்பியிருந்தால் ஒப்பந்தமே குறுக்கே வந்திராது. இப்போது அனுப்புவது நீதிமன்றப் பொறுப்பை ஏற்றிருக்கும் அரசு என்பதால் விலக்கு கிடையாது.

விடுமுறை யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். முப்பது நாளுக்கு உட்பட்ட தங்கலை வருகை என்று ஏற்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஹோம் ஸ்டடி (குழந்தையை ஏற்கும் வீட்டைப் பற்றிய ஆய்வு) கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அனுப்பினால், அது வருகை அல்ல என்றே முதலில் அனுமானிக்கப்படும் என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாம் ஒழுங்குவிதி சொல்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது ஏழாம் ஒழுங்குவிதி. பெற்றோர் திடீரெனச் செயலிழந்த நிலையில் சித்தி போன்ற நெருங்கிய உறவினரிடம் அனுப்புவதற்கான விரைவு வழி அது. நீதிமன்றம் தனியாக உத்தரவிட வேண்டும். முழுமையான ஆவணங்கள் சேர்ந்ததும் டெக்சாஸ் 20 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வழக்கமான வழியில், 2006-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி ஹோம் ஸ்டடி அறிக்கைக்கே 60 நாட்கள்.

மேசைக்குமேசை:
என் தம்பி மகனுக்காக இதே பாதையில் நடந்தவன் நான். உள்ளூர் கேஸ் ஒர்க்கர் தயாரிக்கும் 100ஏ படிவமும் (வேறு மாநிலத்துக்கு அனுப்ப ஒப்புதல் கோருவது) கோப்பும் அவருடைய மாநிலத் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து நம் மாநிலத் தலைமை அலுவலகத்துக்கு வந்து, பிறகுதான் நம் ஊர் அலுவலரின் மேசையை அடைகிறது. ஒப்புதலும் அதே படிகளில் திரும்புகிறது. என் கோப்பு, கையொப்பமிட்ட ஒரே ஒரு தாள் இல்லையென்று முதல் மாநிலத்திலேயே ஐந்து வாரம் கிடந்தது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே உங்கள் வருமானம், படுக்கையறைகளின் எண்ணிக்கை, குழந்தையை ஏற்க விருப்பம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு இன்றே அனுப்புங்கள். வீடு பார்க்க வந்தவர் மருந்துப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார், கைரேகையும் கொடுத்தோம்.

குழந்தை வந்த பிறகும் வழக்கும் செலவுப் பொறுப்பும் ஜார்ஜியாவிடமே இருக்கும், மேற்பார்வைதான் டெக்சாஸுடையது. மருத்துவக் காப்பீட்டை மட்டும் பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் விட்டு, பல் வைத்தியருக்குக் கைக்காசு கொடுத்தேன்.

டாலஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. விடுமுறைக்கென எடுத்த விமானச்சீட்டை ரத்து செய்துவிட்டேன். ஏழாம் ஒழுங்குவிதி உத்தரவைக் கோருமாறு குழந்தையின் வழக்கறிஞருக்கு எழுதியிருக்கிறேன். 100ஏ ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவிலிருந்து எந்தத் தேதியில் கிளம்பியது என்று கேஸ் ஒர்க்கரிடம் நாளை கேட்கிறேன்.