மறுமொழி: ஸ்டாஃப் 'காம்பிடன்ஸ்' தமிழ்ல என்ன? திங்கட்கிழமைக்குள்ள வேணும்

செ:
வணக்கம். உயர்கல்வித் தரம் பத்தின கையேடு ஒண்ணு மொழிபெயர்க்கிறேன், திங்கட்கிழமை குடுக்கணும். குவாலிஃபிகேஷன் (பட்டம் மாதிரி), காம்பிடன்ஸ் (வேலையைச் செய்யத் தெரியறது) ரெண்டும் ஒரே வரில வருது, ரெண்டுக்குமே 'தகுதி' போட்டுட்டேன். இப்ப 'தகுதி இருந்தும் தகுதி இல்லாத ஆசிரியர்'னு வந்து நிக்குது. சிரிக்காதீங்க.

ந:
இலங்கையில இது எப்பவோ முடிஞ்ச கதை. முன்னது தகைமை, பின்னது தேர்ச்சி. 'தேர்ச்சி மையக் கலைத்திட்டம்'னே புழக்கத்துல இருக்கு.

செ:
தமிழ்நாட்டுல தேர்ச்சின்னா பாஸ் மார்க் அண்ணா. வாத்தியார் அரியர் எழுதி பாஸ் ஆனார்னு படிப்பாங்க.

மு:
தகவு. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்'. தகுதி, தகை, தகைமை, தகவு எல்லாம் தகு-வோட பிள்ளைங்க. பரிமேலழகர் எச்சத்துக்கு நன்மக்கள்னு உரை சொல்றார், நான் மாணவர்னு வெச்சுப்பேன், ஆசிரியரோட தகவு அங்கதானே தெரியும்.

ரா:
ஐயா, 'ல்' விட்டுப்போச்சுன்னு எடிட்டர் அதை தகவல்னு திருத்திடுவார் :)

ல:
வேர் ஆராய்ச்சி அப்புறம். நான் வகுப்பெடுக்கிறவ, கமிட்டில உக்காந்து எழுதறவங்களுக்கு என்ன தெரியுமோ அதுதான் பாடத்திட்டத்துல ஏறும், தெரியாதது விருப்பப்பாடம்னு ஓரமா போய் நடத்த ஆளில்லாம கிடக்கும், தரம் அங்கயே போச்சு, இதுக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல. பாடம் தெரியறது ஒண்ணு, அந்தப் பாடத்தை எப்படிச் சொன்னா ஏறும்னு தெரியறது இன்னொண்ணு, 1986ல அமெரிக்கக் கல்வியாளர் ஷுல்மன் பிரிச்சது இதைத்தான். நன்னூல்காரர் அதுக்கும் முன்னாடியே பருத்திக்குண்டிகைன்னுட்டார், பருத்தி அடைச்ச குடுவை, உள்ள நிறைய இருக்கும், வெளிய வராது. அதனால 'திறன்' கட்டாயம் வேணும். தகுதிறன்?

ந:
தகுத்திறன் இல்லையா? ஒற்று?

மு:
மிகாது. வினைத்தொகை. ஊறுகாய்க்கு நடுவுல 'க்' போடுவீங்களா?

ரா:
நான் அதை 'தகுதி-றன்'னு படிச்சேன், தகுதியுடன்னு அடிக்க வந்து தப்பா அடிச்சிட்டாங்களோன்னு நினைச்சேன். எல்லாருக்கும் புரியற 'திறமை' இருக்கறப்ப எதுக்கு இந்த வம்பு?

ல:
திறமை பாடறவங்களுக்கும் உண்டு, பந்து போடறவங்களுக்கும் உண்டு. இது ஒரு வேலைக்குன்னு அமையற திறன்.

செ:
நேரமில்ல. தகுதி / தகுதிறன்னு போட்டு, முதல் தடவை வர்ற இடத்துல ஒரு வரி விளக்கமும் சேர்த்து அனுப்பிட்டேன். மூணு பேர் சரின்னீங்க, ரா தனி மடல்ல இன்னும் திட்டறார்.

மு:
நான் எப்ப சரின்னேன்? ஒற்று மிகாதுன்னு மட்டும்தான் சொன்னேன். தகவு தான்.

ந:
அது போகட்டும், 'கரிக்குலம்' (curriculum)ங்கறதுக்கு என்ன போட்டீங்க? பாடத்திட்டம்னா அது சிலபஸ் ஆச்சே.