புரொப்பல்லர் இல்லாத வேகக் கப்பல் ஏன் இன்னும் வரவில்லை?

அலைவாசி:
கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சி, குறுக்கே காந்தப்புலம் வைத்தால் நீர் பின்னால் தள்ளப்படும், கப்பல் முன்னே போகும். சுற்றுகிற பாகமே கிடையாது. வேகமாகச் சுற்றும் புரொப்பல்லரைக் குமிழிகள் அரிக்கும் தொல்லையும் இல்லை. அப்படியிருந்தும் 100 நாட் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகத்தில் போகும் கப்பல் எங்கே?

சுருள்கம்பி:
மீக்கடத்திக் காந்தங்களோடு, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் கம்பியால் செய்த காந்தங்களோடு, தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். இதை ஜப்பான்காரர்கள் செய்தே பார்த்துவிட்டார்கள். யமாட்டோ-1 என்ற கப்பல் 1992-ல் கோபே துறைமுகத்தில் ஓடியது. 30 மீட்டர் நீளம், 185 டன். திரவ ஹீலியத்தில் குளிர்வித்த காந்தங்கள், சுமார் 4 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு). இத்தனைக்கும் கிடைத்தது 8 நாட் வேகம். சாதாரண விசைப்படகே முந்திவிடும்.

வில்லன் கடல்நீர்தான். எவ்வளவு உப்பிருந்தாலும், மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பைவிட ஒரு கோடி மடங்குக்கும் மேல் மட்டம். கணக்குப் போட்டால் புரியும். நீரைத் தள்ளும் குழாயில் நீர் நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறது, புலம் 4 டெஸ்லா என்றால், எதிர்த்து எழும் மின்னழுத்தம் மீட்டருக்கு 32 வோல்ட். இதை எதிர்த்துச் செலவாகும் மின்சாரம்தான் நீரைத் தள்ளும் வேலையாக மாறுகிறது. ஒரு கன மீட்டர் நீரை 1,800 நியூட்டன் விசையில் தள்ள, அதற்கு மேல் இன்னும் 100 வோல்ட் கொடுக்க வேண்டும். அந்த நூறும் வெந்நீர் போடத்தான்! திறன், அதாவது கொடுத்த மின்சாரத்தில் உருப்படியாவது, 24 சதவீதம். அதே விசைக்குப் புலத்தை 20 டெஸ்லா ஆக்கினால் வீணாவது 20 வோல்ட், உருப்படியாவது 160. திறன் 89 சதவீதம்.

நங்கூரம்:
அப்போ 20 டெஸ்லா காந்தத்தை மாட்டிவிட வேண்டியதுதானே? 2021-லேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு அணுக்கரு இணைவு உலைக்காக ஒன்று செய்து காட்டியதே.

சுருள்கம்பி:
செய்தார்கள், தரையில். 4 டெஸ்லாவில் புலம் காந்தச் சுருளை வெளிப்பக்கம் தள்ளும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 60 மடங்கு சொச்சம். 20 டெஸ்லாவில் அது கிட்டத்தட்ட 1,600 மடங்கு. அதைத் தாங்கும் எஃகையும் கப்பல்தானே சுமக்க வேண்டும்? வேகக் கப்பலில் ஒவ்வொரு டன்னுக்கும் சண்டை நடக்கும்.

அப்புறம் மின்முனைகள், அதாவது நீருக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சும் தகடுகள். ஒன்றில் குளோரின் கிளம்பி உலோகத்தைத் தின்னும், மற்றதில் ஹைட்ரஜன் குமிழிகள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை மறிக்கும். 2023-ல் அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா இதற்கென்று தொடங்கிய திட்டமே முக்கியமாக மின்முனைப் பொருளைத் தேடித்தான். அவர்கள் ஆசையும் வேகத்தின் மேல் இல்லை. சத்தமில்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

அலைவாசி:
சரி, ஏரியில் சின்னதாக ஒரு மாதிரிப் படகு விட்டுப் பார்க்கலாமா?

சுருள்கம்பி:
நன்னீரில் அசையாது. தொட்டியில் உப்பைக் கரைத்துவிட்டு விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளோரின் வரும்.