அப்பா செய்து தந்த பாவைவீட்டுக்குத் தளபாடங்கள்: பேத்தி வருமுன் செய்து முடிக்கவா, அவளுடன் சேர்ந்து செய்யவா?

கேள்வி: கனகராயன்குளத்து அம்மம்மா

எல்லோருக்கும் வணக்கம். நான் சிறுமியாக இருந்த காலத்தில் என் தகப்பனார் முதிரைப் பலகையில் ஒரு பாவைவீடு செய்து தந்தார். முன்னால் விறாந்தை, உள்ளே இரண்டு அறைகள், பின்னால் தனிக் குசினி என எங்கள் சொந்த வீட்டின் அமைப்பிலேயே அது இருக்கிறது. கூரையைப் பிணைச்சலில் திறந்து மூடலாம். 2008ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டுச் சாமான்கள் எல்லாமே போய்விட்டன. பாவைவீடு மட்டும் அதற்கு முன்பே வவுனியாவில் இருந்த சின்னம்மாவிடம் போயிருந்ததால் தப்பியது. உள்ளே இருந்த கட்டில், மேசை, சட்டி பானை எதுவும் இப்போது இல்லை. சுவர்களின் வெள்ளை வர்ணம் இடையிடையே உரிந்திருக்கிறது. வாசற்கதவின் உயரம் ஆறரை அங்குலம்.

வரும் ஆடி மாத விடுமுறைக்கு ரொரன்ரோவிலிருந்து என் மகளும் ஐந்து வயதுப் பேத்தியும், இன்னும் இரண்டு வயதாகாத பேரனும் வருகிறார்கள். வீட்டை முழுவதும் நிரப்பி, அந்தக் காலத்து வன்னி வீடு எப்படி இருந்தது என்று பேத்திக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். மகளோ, பிள்ளை சோபாவும் தொலைக்காட்சியும்தான் கேட்பாள் என்கிறாள். எந்த அளவில், எந்தப் பொருளில் தளபாடங்களைச் செய்வது நல்லது? எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைப்பதா, பிள்ளைக்கென்று எதையாவது விட்டுவைப்பதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஒட்டுசுட்டான் ஓடாவி

அம்மா, உங்கள் தகப்பனார் கணக்குப் பார்த்தே செய்திருக்கிறார். ஆறரை அடிக் கதவுக்கு ஆறரை அங்குலம் என்றால், ஓர் அடிக்கு ஓர் அங்குலம். பாவைவீடு செய்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவும் இதுவே. 1924இல் இங்கிலாந்து அரசி மேரிக்கு வழங்கப்பட்டு இன்றும் வின்ட்சர் கோட்டையில் உள்ள புகழ்பெற்ற பாவைவீடும் இந்த அளவில்தான் கட்டப்பட்டது. ஆகவே கதிரையின் இருக்கை ஒன்றரை அங்குல உயரத்திலும், மேசை இரண்டரை அங்குல உயரத்திலும், கட்டில் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய நீளத்திலும் அமைந்தால் பார்வைக்குப் பொருந்தும்.

தளபாடங்களுக்கு முதிரை வேண்டாம். மெல்லிய துண்டாக வரும்போது அது வெடிக்கும். வேம்பு இணக்கமான மரம். ஆணி அடிக்காமல் மரப்பசையும் மூங்கில் ஆப்பும் கொண்டு பொருத்துங்கள். முதலில் வீட்டின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, சில நாட்கள் கழித்து மா உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்திருந்தால் மரத்தை அரிக்கும் பூச்சியான உளுவான் இன்னும் உயிருடன் உள்ளே இருக்கிறது என்று பொருள். அதைத் தீர்க்காமல் புதிய சாமான்களை உள்ளே வைக்கக் கூடாது.

மறுமொழி 2: முன்பள்ளி ஆசிரியை, முள்ளியவளை

அம்மா, அழகைவிட முந்திக் கவனிக்க வேண்டியது அந்த வெள்ளை வர்ணம். அக்காலத்து எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். அமெரிக்காவில்கூட 1978இல்தான் வீட்டு வர்ணங்களிலும் விளையாட்டுப் பொருட்களிலும் அதைத் தடைசெய்தார்கள். உரிந்த இடத்தை உலர்ந்த அரத்தாளால் தேய்த்தால் தூசி பறந்து பிள்ளையின் கைவழியே வாய்க்குப் போகும். ஈரத்துணியால் துடைத்து, உதிரும் செதில்களை நனைத்தபடியே அகற்றி, மேலே தண்ணீரில் கரையும் புதிய வர்ணத்தை இரண்டு தரம் பூசுங்கள். அதைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பேரனின் வயதில் எல்லாம் வாய்க்குள்தான் போகும். ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழலுக்குள் முழுதாக அடங்கும் எந்தச் சாமானையும் அவன் கைக்கு எட்டவிடக் கூடாது. உங்கள் சட்டி பானை அனைத்தும் அதற்குள் அடங்கும். விளக்கு பொருத்த நினைத்தால், பொத்தான் போன்ற சிறிய மின்கலங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அவை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் உறுதியான கருத்து: குசினியையும் விறாந்தையையும் நீங்கள் நிரப்புங்கள், இரண்டு அறைகளையும் வெறுமையாக விட்டு வையுங்கள். செய்து முடித்த வீட்டைப் பிள்ளை பார்ப்பாள், தொடுவாள், பிறகு விட்டுவிடுவாள். தன் கையால் ஒரு பாயை விரித்த அறைக்குத்தான் திரும்பத் திரும்ப வருவாள். அவள் சோபா கேட்டால் தீப்பெட்டியில் துணி ஒட்டி ஒரு சோபா செய்து கொடுங்கள். உங்கள் தகப்பனாரும் தம் காலத்து வீட்டைத்தானே உங்களுக்குச் செய்து தந்தார்? இவள் தன் காலத்து வீட்டை அதற்குள் கொண்டுவரட்டும்.

மறுமொழி 3: பனையோலைக்காரி

அக்கா, குசினிக்கு நான் வழி சொல்கிறேன். நெதர்லாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெற்றோனெல்லா ஊர்ட்மன் என்ற சீமாட்டி தம் பாவைவீட்டுக்கான பீங்கான்களைச் சீனாவிலிருந்தே சிறிய அளவில் வருவித்தார். உண்மையான வீட்டில் எது எந்தப் பொருளால் ஆனதோ, பாவைவீட்டிலும் அதனாலேயே ஆக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்கும் உண்டு. பாய் என்றால் ஓலையாகவும், சட்டி என்றால் களிமண்ணாகவும் இருக்கட்டும்; பிளாஸ்ரிக்கில் வாங்கி வைத்தால் அது உங்கள் தாயாரின் குசினி ஆகாது.

பனங்குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, நெல்மணியின் அகலத்துக்கும் குறைவாக வார்ந்து, பின்னும்போது ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாய், சுளகு, பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி மூன்றையும் நீங்கள் பின்னலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மெல்லிய வார் பிடிபடாது. அவளுக்கு அரை அங்குல வாரில் நேர்ப்பின்னல் சொல்லிக் கொடுங்கள். கழித்த ஈர்க்குகளைக் கட்டினால் விளக்குமாறு. சட்டிக்குக் குளத்துக் களியில் அரித்த மணலைச் சிறிது சேர்த்து நிழலில் ஆறவிட்டால் வெடிப்பு குறையும். ஆனால் சுடாத சட்டி தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், பிள்ளைகள் தண்ணீர் ஊற்றாமல் விடமாட்டார்கள்; ஊரில் சூளை வைப்பவர்களிடம் கொடுத்து அவர்களது பானைகளுடன் சேர்த்துச் சுட்டெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வர்ணப் பூச்சை இந்த வாரமே தொடங்குகிறேன். குசினியும் விறாந்தையும் என் பொறுப்பு. அறைகளில் ஒன்று பேத்திக்கு, மற்றது மகளுக்கு, ஏனெனில் அவளும் ஒரு நாளும் இதில் விளையாடியதில்லை. பேரனுக்கு முதிரையில் கைக்கு அடங்காத ஒரு பெரிய மாட்டுவண்டி வேண்டும். ஓடாவி ஐயா, அதன் சில்லுக்கு எந்த மரம் தோதானது என்று சொல்வீர்களா?

ஒட்டுசுட்டான் ஓடாவி

வேம்பில் இரண்டரை அங்குலச் சில்லு கடையலாம், அம்மா. அச்சுக்கு மட்டும் முதிரையை வையுங்கள், தேயாது. வர்ணம் பூச வேண்டாம்; தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தாலே போதும்.