ஏஐஎக்ஸ் செத்துவிட்டதாம்!

பழையமுனையம்:
2024 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 17 தரவுத்தளம், ஐபிஎம்மின் யூனிக்ஸ் இயங்குதளமான ஏஐஎக்ஸைக் கைவிட்டது. "செத்த தளம், தொலைந்தது நல்லது" என்று மூலநிரல் எழுதியிருக்கிறார். ஐபிஎம் 2021 டிசம்பரில்தானே 7.3 வெளியிட்டது? பிணமா பதிப்பு வெளியிடும்? சர்வர் போகட்டும், சி நிரல்கள் அதோடு பேச உதவும் லிப்பிக்யூ நூலகமும் சேர்ந்தல்லவா போயிற்று! ஏஐஎக்ஸில் ஓடும் சி நிரல் இனி எதை இணைத்துக்கொள்ளும்?

மூலநிரல்:
16-இன் லிப்பிக்யூவே 17 சர்வரோடு பேசும் சார். அதற்கு 2028 நவம்பர் வரை திருத்தம் வரும். எதற்கு இப்போதே ஒப்பாரி? ஏஐஎக்ஸில் ஸ்ட்ரக்டுக்குள் (சி மொழியின் தரவுத் தொகுப்பு) டபுள் என்ற தசம எண் 4 பைட் எல்லையில் உட்காரும், 64 பிட் முழு எண் 8-இல் உட்காரும். அதனால் 2022-இல் போஸ்ட்கிரெஸின் உள் அட்டவணையான பிஜி_சப்ஸ்கிரிப்ஷனில், 8-இல் சரியாக விழட்டும் என்று ஒரு நெடுவரிசையையே பெயருக்கு முன்னால் நகர்த்தினார்கள். ஒருத்தர் கால் நீட்ட பஸ்ஸே எழுந்து இடம் மாற வேண்டுமா?

பழையமுனையம்:
4 பைட் ஏஐஎக்ஸின் குற்றமில்லை. டபுளுக்கும் முழு எண்ணுக்கும் ஒரே எல்லை என்று நினைத்துக்கொண்டது போஸ்ட்கிரெஸ். சி மொழியின் தர ஆவணம் அப்படி எங்கே சொல்கிறது? காட்டுங்கள்.

கம்பைலர்காளை:
4 பைட்டை விடுங்கப்பா. ஏஐஎக்ஸ் ஆதரவை நீக்கிய குறிப்பிலேயே காரணம் இருக்கிறது: கேட்பவர்கள் அதிகமில்லை, கம்பைலர் பிழைகளுக்கு ஒட்டுவேலை, ஒழுங்காகப் பராமரிக்க ஆளில்லை. ஐபிஎம்காரர்கள் வந்ததே நீக்கிய பிறகுதான்.

பழையமுனையம்:
வந்தார்கள் அல்லவா? செத்த வீட்டுக்கா வந்தார்கள்? சரி, 4 பைட்டுக்குப் பதில் எங்கே?

மூலநிரல்:
துக்கம் விசாரிக்க வந்திருப்பார்கள். போஸ்ட்கிரெஸ் 16-இல் எச்பியின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸ் போனபோது சார் வாயே திறக்கவில்லையே. சொந்த ஊர் மழைக்குத்தான் குடை பிடிப்பீர்களோ?

பழையமுனையம்:
நான் 1998-இலிருந்து ஏஐஎக்ஸின் நிர்வாகக் கருவியான ஸ்மிட்டி தட்டுகிறவன் தம்பி. ஸ்மிட் திரையில் கட்டளை தோற்றால் ஓடுகிற பொம்மை மனிதன் குப்புற விழுவான், பார்த்திருக்கிறீர்களா? பார்க்காத தளத்துக்கு இறப்புச் சான்றிதழ் எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கம்பைலர்காளை:
ஸ்மிட்டி எழுத்துத் திரை சார். பொம்மை ஓடுவது வரைகலை ஸ்மிட்டில்.

பழையமுனையம்:
ஸ்மிட் என்றுதான் எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுப் படியுங்கள். இரண்டிலும் வேலை செய்தவன் நான். போன வருடம் சோலாரிஸ் இழையிலும் இப்படித்தான் எழுத்தெழுத்தாக எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

நள்ளிரவுபேக்கப்:
எங்கள் வங்கியில் ஏஐஎக்ஸிலிருந்து ஜாவாவின் ஜேடிபிசி இணைப்பு வழியாகத்தான் போஸ்ட்கிரெஸுக்குப் போகிறோம். லிப்பிக்யூவே தேவைப்படவில்லை.

பழையமுனையம்:
ஜாவாக்காரர்களை யார் கூப்பிட்டது? பேச்சு சி நூலகத்தைப் பற்றி.

மூலநிரல்:
பேச்சு 4 பைட்டைப் பற்றி என்றல்லவா நினைத்தேன்.

பழையமுனையம்:
அதைத்தான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். சி தரத்தில் எந்தப் பிரிவு?