முதல் தொலைநோக்கி: 70 மி.மீ. முக்காலியா, 150 மி.மீ. டாப்சோனியனா?

கேள்வி:
வணக்கம். சனிக் கோளின் வளையங்களைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்பது பன்னிரண்டு வயதாகும் என் மகளின் ஆசை. அவளுக்காக இரண்டு தொலைநோக்கிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 70 மி.மீ. லென்ஸும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்டு மெல்லிய முக்காலியில் நிற்பது. 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். மற்றொன்று 150 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட டாப்சோனியன், அதாவது தரையில் வைக்கும் எளிய சுழல் தாங்கியில் அமர்ந்த ஆடித் தொலைநோக்கி. அதற்கு 48, 120 என்ற மடங்குகளையே குறிப்பிட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

மறுமொழி 1:
525 என்ற எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். 700-ஐக் கண்ணருகு லென்ஸின் 4 மி.மீ.-ஆல் வகுத்து, வரும் 175-ஐ, உருப்பெருக்கத்தைக் கூட்ட இடையில் பொருத்தும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸால் பெருக்கினால் 525 வந்துவிடும். கணக்கில் பிழையில்லை, ஆனால் அத்தனை மடங்குக்குத் தேவையான வெளிச்சமும் நுணுக்கமும் 70 மி.மீ. லென்ஸில் கிடைக்காது. விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதே உச்ச வரம்பு என்று பொதுவாகக் கொள்வார்கள். இங்கே அது 140தான். அதை வெகுவாகத் தாண்டினால் சனி மங்கிய மஞ்சள் திட்டாகிவிடும். 150 மி.மீ. ஆடியின் பரப்போ அந்த லென்ஸைவிட நான்கு மடங்குக்கும் அதிகம்.

ஆயினும் நான் முதலில் பார்ப்பது தாங்கியைத்தான். மெல்லிய முக்காலியில் குவியத்தைச் சரிசெய்யும் குமிழைத் தொட்டாலே கோள் துள்ளத் தொடங்கும். அது அடங்கும்வரை படம் தெளிந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது. பூமி சுழல்வதால் 120 மடங்கில் கோள் இரண்டு நிமிடத்துக்குள் பார்வைப் பரப்பைக் கடந்துவிடும் என்பதால், குழாயை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தரையில் அமர்ந்திருக்கும் டாப்சோனியனை விரலால் மெல்லத் தள்ளினால் போதும், தள்ளிய இடத்தில் நிற்கும். பொறுமை இழக்காமல் ஒரு சிறுமி பார்க்க வேண்டுமானால் இதுவே முக்கியம்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் 70 மி.மீ. கருவியை அடியோடு தள்ளிவிடுவது நியாயமில்லை. உறுதியான தாங்கி இருந்தால் 50 மடங்கிலேயே சனியின் வளையம் அதிலும் தெரியும். 150 மி.மீ. டாப்சோனியனின் குழாய் ஒரு மீட்டருக்கும் நீளமானது. அதை மாடிப்படிகளில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தால், பல இரவுகளில் வெளியே எடுக்கவே மனம் வராது. ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக அமைந்திருக்கின்றனவா என்று அவ்வப்போது சரிபார்ப்பதும், பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் குளிரவிடுவதும் அதற்குத் தேவை. 2025-இல் சனியின் வளையங்கள் நமக்கு விளிம்பை மட்டும் காட்டி மெலிந்து நின்றன; அடுத்த சில ஆண்டுகளில் அவை விரிந்துகொண்டே போகும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வாசலை ஒட்டியே திறந்தவெளி இருப்பதால் தூக்குவது சிரமமில்லை, டாப்சோனியனையே வாங்குகிறேன். முதல் கருவியோடு சூரியனைப் பார்க்க ஒரு சிறு கறுப்புக் கண்ணாடியும் தருகிறார்கள். அதை மட்டும் தனியாக வாங்கலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து வாங்காதீர்கள். கண்ணருகு லென்ஸில் திருகும் அத்தகைய கண்ணாடி, குவிந்த வெயிலின் சூட்டில் திடீரென விரிசல் விடக்கூடும். அந்தக் கணமே பார்வை போய்விடலாம். சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் முன்வாயை முழுவதும் மூடும், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட வடிகட்டிதான் வேண்டும். அது கைக்கு வரும்வரை பகலில் குழாயின் மூடியைக் கழற்றவே வேண்டாம்.