பொதுச்சுவரில் விரிசல்: பழைய ஓட்டல் கட்டடம் இடிப்பு, பாதியில் நிற்கிறது

கும்பகோணத்தில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஓட்டல் கட்டடத்தை இடிக்கிறோம். மெட்ராஸ் டெரஸ் தளம் (தேக்குக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிய பழைய பாணிக் கூரை), சுண்ணாம்புக் காரை, அஸ்திவாரத்துக்கு அடியில் களிமண். தெற்கே 14 அங்குலப் பொதுச்சுவர். பக்கத்து வீட்டுத் தளமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஜேசிபி விடவில்லை, கடப்பாரைதான். தளத்துச் செங்கலை எடுத்துவிட்டுத் தேக்குக் கட்டைகளை உருவினோம். 6-வது கட்டை வெளியே வந்ததும் பொதுச்சுவரில், பக்கத்து வீட்டுப் பக்கம், 4 அடி நீளத்துக்கு விரிசல். மேலே 3 மி.மீ., கீழே மயிரிழை. கட்டைகள்தான் சுவரை இழுத்துப் பிடித்திருந்தன போல.

அன்றே வேலையை நிறுத்தி, 5 சவுக்குக் கம்பு சாய்த்து முட்டுக் கொடுத்தோம். கட்டைக் குழிகளைச் செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தாயிற்று (மேஸ்திரி சிமெண்ட் என்றார், பழைய காரையோடு அது சேராது). விரிசல் இன்னும் விரிகிறதா என்று பார்க்க அதன் மேல் ஒட்டிய கண்ணாடிச் சில்லு 3-ம் நாள் உடைந்தது. மாற்றி ஒட்டியதும் 9-ம் நாள் போச்சு. கை கழுவும் இடத்துக் கழிவுநீர்க் குழி சுவரடியிலேயே இருக்கிறது, மண் சொதசொதவென்று.

இன்னும் 7 கட்டை பாக்கி. ஐப்பசி மழைக்குள் அவற்றை எடுக்க, முட்டுக் கம்புகளை அதிகப்படுத்தினால் போதுமா, முதலில் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தியே ஆகவேண்டுமா?