அப்பாவின் சுபாவத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

அடுத்த மாதம் கோவையில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். ஸ்பீக்கிங்கில் ஒருவரின் பழக்கத்தை, சுபாவத்தைச் சொல்லும் இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். எல்லா வாக்கியத்திலும் 'யூஷுவலி' போட்டுப் பார்த்தேன். கேட்க எனக்கே சலிப்பு. 'யூஸ்டு டு' விட்டுப்போன பழக்கத்துக்குத்தான், இப்போதைய பழக்கத்துக்கு ஆகாது (நம்மூரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம், அது வேறு). 'ஹி இஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்' என்றால் குறை சொல்கிற தொனி வந்துவிடுகிறது. 'டென்ட் டு' சரியாக வருகிறது, ஆனால் அதையே எத்தனை தடவை சொல்ல? அப்புறம், 'ஹி வில் சிட் ஃபார் அவர்ஸ் வித் த பேப்பர்' என்று எழுதிக் காட்டினேன். அது எதிர்காலம் என்று பயிற்சி மையத்தில் அடித்துவிட்டார்கள். இலக்கணப் புத்தகமோ பழக்கத்துக்கும் வரும் என்கிறது.

இந்த 'வில்'லைத் தேர்வில் தைரியமாகச் சொல்லலாமா?